போதும் என்பதை யார் சொல்வது?

1

எங்கள் ஊர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் சம்பளப் பேச்சுவார்த்தை ஏழெட்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்துத் தொழிலாளர்களுக்கு ஆளுமைப் பயிற்சி என்று ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். மத்தியானச் சாப்பாடு நிர்வாகத்தின் செலவு. வந்தவர் நன்றாகத்தான் பேசினார் என்று அங்கே வேலை செய்யும் என் நண்பர் சொன்னார். தன்னைத்தானே ஜெயிப்பது, இருப்பதில் நிறைவு காண்பது பற்றியெல்லாம் லாவோ ட்சே என்ற சீன ஞானி சொன்னதாகத் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "சார், இதையே மேலே இருக்கிறவங்களுக்கும் ஒருநாள் போட்டுக் காட்டுவீங்களா?" என்று கேட்டாராம். ஒரே சிரிப்பு. வகுப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது.

அந்தத் தொழிலாளி கேட்டது வெறும் கிண்டல் இல்லை. ஒரு கூற்றின் அர்த்தம் அதன் சொற்களில் மட்டும் இல்லை, யார் சொல்கிறார், யாரை நோக்கிச் சொல்கிறார் என்பதிலும் இருக்கிறது என்பதைப் பக்கம் பக்கமாக நாம் எழுதியிருக்கிறோம். அவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். இந்தக் கட்டுரை அவருடைய கேள்வியை எடுத்துக்கொண்டு தாவோயிசப் பிரதிகளுக்குள் போய்ப் பார்க்கும் முயற்சி.

நம் சூழலுக்குத் தாவோயிசம் இரண்டு வழியாக வந்து சேர்ந்தது. ஒன்று கவிஞர்கள் வழி. 'தாவோ தே ஜிங்'கைச் சி. மணி தமிழில் தந்தார். இன்னொன்று சுயமுன்னேற்றப் புத்தகங்கள், நாட்காட்டித் தாள்கள், மேலே சொன்ன மாதிரி வகுப்புகள் வழி. இடதுசாரித் தோழர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்தார்கள்: செயலின்மையைப் போதிக்கும் தத்துவம், நிலப்பிரபுத்துவச் சோம்பல், அவ்வளவுதான். சீனாவிலேயே இந்தத் தடுமாற்றம் இருந்தது. ரென் ஜியு என்ற மார்க்சியத் தத்துவ வரலாற்றாசிரியர் 1960களில் லாவோ ட்சேயைப் பொருள்முதல்வாதி என்று எழுதினார். 1970களில் கருத்துமுதல்வாதி என்று எழுதினார். பிரதி அதேதான். சுற்றியிருந்த அரசியல் மாறியிருந்தது. ஆகவே லாவோ ட்சே நம் பக்கமா எதிர்ப் பக்கமா என்ற கேள்வியை நான் எழுப்பப் போவதில்லை. பிரதிக்குள் 'தன்னை வெல்லுதல்', 'நிறைவு' என்ற இரண்டு சொற்களும் யார் யார் கையில் என்னவாக வேலை செய்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2

'தாவோ தே ஜிங்' சுமார் ஐயாயிரம் எழுத்துகள், 81 அத்தியாயங்கள் கொண்ட சிறிய நூல். லாவோ ட்சே என்ற ஒரே மனிதர் உட்கார்ந்து எழுதியது என்பதை இன்று யாரும் சுலபமாக ஒப்புக்கொள்வதில்லை. பல கைகள், பல காலம். 1973இல் ஹுனான் மாகாணத்தின் மாவாங்துய் கல்லறையில் பட்டுத்துணியில் எழுதிய இரண்டு பிரதிகள் கிடைத்தன. அந்தக் கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. 1993இல் ஹுபெய் மாகாணத்தின் குவோதியானில் அதற்கும் முந்திய மூங்கில் பட்டைகள் கிடைத்தன. அவை ஏறக்குறைய கி.மு. 300ஐச் சேர்ந்தவை. நமக்குப் பழக்கமான நூலில் பாதிக்கும் குறைவான பகுதிதான் அவற்றில் இருக்கிறது. நூல் உருவான காலத்தைச் சீன வரலாற்றில் போரிடும் அரசுகளின் காலம் என்பார்கள், கி.மு. 475 முதல் 221 வரை. நாடுகள் ஒன்றையொன்று விழுங்கிய காலம். விவசாயியைப் பிடித்துச் சிப்பாயாக்கிய காலம். இதை மறந்துவிட்டு இந்த நூலைப் பூஜையறையில் வைத்துப் படிக்க முடியாது.

பயிற்சியாளர் திரையில் போட்டது 33ஆம் அத்தியாயம். எட்டே எட்டுச் சின்ன வாக்கியங்கள். பிறரை அறிவது ஒன்று, தன்னை அறிவது இன்னொன்று என்று பிரிக்கிறது. பிறரை வெல்வது, தன்னை வெல்வது என்று பிரிக்கிறது. இரண்டு ஜோடியிலும் பின்னதை உயர்த்துகிறது. ஐந்தாவது வாக்கியம் போதுமென்று அறிவதைச் செல்வம் என்கிறது. நாட்காட்டிக்காரர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். ஆறாவது வாக்கியம் வேறு மாதிரி: விடாமல் முயன்று செயல்படுகிறவனிடம் மனவுறுதி இருப்பதாகச் சொல்கிறது. செயலின்மையின் நூல் என்று பேர் வாங்கியதில் இப்படி ஒரு வாக்கியம்! உரைகாரர்கள் இதைச் சமாதானப்படுத்தப் படாதபாடு பட்டிருக்கிறார்கள். இருப்பதில் நிறைவடை என்பதற்கு அடுத்த மூச்சிலேயே விடாமல் முயல் என்று வந்தால் திரையில் போடுகிறவருக்குக் கஷ்டம்தான்.

'தன்னைக் கட்டுப்படுத்துதல்' என்று நாம் சொல்லிப் பழகிய இடத்தில் மூலத்தில் இருக்கும் வினை 'ஷெங்'. போரில் வெல்லுவது என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அடக்குதல், ஆளுதல், பண்படுத்துதல் எதுவும் இல்லை, ஜெயிப்பு. 33க்கு இரண்டு அத்தியாயம் முன்னால், 31இல், இதே வினை போர்க்களத்தில் நிற்கிறது. ஆயுதங்கள் அமங்கலமானவை என்று தொடங்கும் அந்த அத்தியாயம், வென்றவன் வெற்றியை அழகென்று கொண்டாடக் கூடாது, சாவுச் சடங்கின் முறையில்தான் அதை நடத்த வேண்டும் என்று முடிகிறது. ஜெயித்த படைத்தலைவனை இழவு வீட்டில் உட்கார வைக்கிறது பிரதி.

இரண்டையும் சேர்த்து வாசித்தால் என்ன ஆகிறது? வெற்றி என்றால் தோற்றவன் ஒருவன் இருக்க வேண்டும். தன்னை வென்றவனிடம் தோற்றவன் யார்? அவனும் அதே உடம்பில்தான் குடியிருக்கிறான். பிறரை வென்றதற்கே துக்கம் காக்க வேண்டும் என்றால், தன்னை வென்றதற்கு மட்டும் எப்படிப் பட்டாசு வெடிப்பது? சுயமுன்னேற்ற வாசிப்பு தொலைத்துவிட்டது இந்தத் துக்கத்தைத்தான். அதற்குத் தன்னை வெல்லுதல் ஒரு கோப்பை, அலமாரியில் வைக்கலாம். 31ஐப் படித்துவிட்டு 33க்கு வருகிறவனுக்கு அது தவிர்க்க முடியாமல் செய்ய வேண்டியிருந்த ஒரு கொலை மாதிரி இருக்கும்.

3

இதுவரை பிரதிக்கு ஆதரவாகப் பேசினேன். இனி அதன் மறுபக்கம்.

ஆறாவது வாக்கியத்தில் வரும் மனவுறுதிக்குச் சீனத்தில் 'ஜி' என்று பெயர். எண்ணம், இலட்சியம், மனத்தின் குறி எல்லாம் அதற்குள் அடங்கும். இதே 'ஜி' 3ஆம் அத்தியாயத்திலும் வருகிறது. அங்கே ஆட்சி நடத்தும் முறை சொல்லப்படுகிறது: மக்களின் மனத்தைக் காலியாக்கு, வயிற்றை நிரப்பு, 'ஜி'யைப் பலவீனப்படுத்து, எலும்பைப் பலப்படுத்து. அறிவும் ஆசையும் இல்லாதவர்களாக அவர்களை வைத்திரு. தாவோயிச அன்பர்கள் இந்த இடத்தில் உடனே தியானம், மூச்சுப் பயிற்சி என்று உருவகத்துக்குள் ஓடிவிடுவார்கள். அப்படி வாசிக்கும் பழைய மரபு உண்டு என்பதும் வாஸ்தவம்தான். ஆனால் வாக்கியத்தின் எழுவாய் ஞானியான ஆட்சியாளன், செயப்படுபொருள் மக்கள். இலக்கணத்தை மறைக்க முடியாது.

ஆக, ஒரே நூல் ஒரே சொல்லை இரண்டு விதமாகப் பங்கிடுகிறது. ஞானியிடம் 'ஜி' இருந்தால் பாராட்டு. மக்களிடம் 'ஜி' இருந்தால் நிர்வாகப் பிரச்சினை. தன்னை வெல்கிற உரிமைகூட எல்லோருக்கும் இல்லை. மேலே இருப்பவன் தன்னைத் தானே வெல்லுவான், கீழே இருப்பவனை அவனே வென்று கொடுப்பான்.

இது சீனத்துக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. 1984இல் வந்த பாலியல் வரலாற்றின் இரண்டாம் தொகுதியில் மிஷெல் ஃபூக்கோ பழைய கிரேக்கத்தின் தன்னடக்கத்தைப் பற்றி எழுதும்போது இதையே வேறு கோணத்தில் காட்டினார். கிரேக்கச் சுதந்திர ஆண் தன் ஆசைகளை ஆண்டு பழகுகிறான். ஏனென்றால் அவன் மனைவியை, வீட்டை, அடிமைகளை, நகரத்தை ஆள வேண்டியவன். தன்னை ஆளுதல் பிறரை ஆளுவதற்கான தகுதிச் சான்றிதழ். அடிமைக்கு அந்தச் சான்றிதழ் வழங்கப்படுவதில்லை, அவனுக்கு எஜமான் இருக்கிறானே.

லாவோ ட்சேயின் பிரதியை முதலில் முழுக்க அரசியலாக வாசித்தவர்கள் சட்டவாதிகள். கி.மு. 233இல் இறந்த ஹான் ஃபெய்யின் பேரில் உள்ள நூலில் 20, 21ஆம் அத்தியாயங்கள் லாவோ ட்சேக்கு எழுதிய உரை. நம்மிடம் இருப்பதில் மிகப் பழைய உரை அதுதான். கடுமையான சட்டம், கடுமையான தண்டனை, யாருக்கும் மனசைக் காட்டாத அரசன் என்று பேசிய பள்ளி அது. பிற்பாடு வரலாறு எழுதிய ஸிமா ஷியேன் லாவோ ட்சேயையும் ஹான் ஃபெய்யையும் ஒரே அத்தியாயத்தில் சேர்த்து வைத்தார். மென்மையான ஞானியும் கொடுஞ்சட்டக்காரரும் ஒரே கூரையின் கீழ். பலருக்கு இது சங்கடம், எனக்கு அந்தச் சேர்க்கை ரொம்பச் சரியாகப் படுகிறது. 3ஆம் அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

4

அப்படியானால் 'நிறைவு' என்பதும் மக்களை அமுக்கும் கருத்தியல்தானே, தூக்கிப் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். இந்த இடத்தில் பிரதி தன்னோடு தானே முரண்படுகிறது, அந்த முரண்தான் நமக்கு வேண்டியது.

போதும் என்பதற்கான சீனச் சொல் 'ட்சு'. அதே எழுத்துக்குப் பாதம், கால் என்றும் பொருள். போதுமென அறிதல் பற்றி அழுத்தமாகப் பேசுவது 46ஆம் அத்தியாயம். அது எதிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள்: குதிரையிலிருந்து. நாட்டில் ஒழுங்கு இருந்தால் ஓட்டக் குதிரைகள் வயலுக்கு எரு போடத் திரும்பிவிடும். ஒழுங்கு கெட்டால் போர்க் குதிரைகள் எல்லைப்புறத்திலேயே குட்டி போடும். இதைச் சொன்ன பிறகுதான், போதுமென்று அறியாததைப் போன்ற கேடு வேறு இல்லை என்று அத்தியாயம் பேசுகிறது. எல்லைக்குக் குதிரை அனுப்புகிறவன் யார்? உழுகிறவன் இல்லை. இங்கே 'போதும்' என்பது அரண்மனையை நோக்கிச் சொல்லப்படுகிறது.

ஹான் ஃபெய்யின் உரைகூட இதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. உதாரணத்துக்கு அது காட்டுவது ஜிபோ என்ற பிரபுவை. ஜின் நாட்டில் இரண்டு பிரபுக் குடும்பங்களை விழுங்கிய பிறகும் ஆசை அடங்காமல் ஜாவ் குடும்பத்தின் மேல் பாய்ந்தான், கூட வந்த ஹான், வெய் குடும்பங்கள் கட்சி மாறின, கி.மு. 453இல் ஜின்யாங்கில் தோற்றுச் செத்தான். நிலம் பங்கு போடப்பட்டது. மண்டையோட்டுக்கு அரக்குப் பூசிப் பாத்திரமாக்கினார்கள். நிறைவின்மைக்கு உரைகாரர் தேர்ந்தெடுத்தது இந்த ஆளை. கூலி கூடக் கேட்டவனை இல்லை.

இன்னும் போகலாம். 53ஆம் அத்தியாயம் அரண்மனை பளபளக்கக் களஞ்சியம் காலியாகக் கிடப்பதைக் காட்டி, பட்டுடுத்தி வாள் கட்டி வயிறு முட்டத் தின்கிறவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று திட்டுகிறது. மக்கள் பட்டினி கிடப்பதற்குக் காரணம் மேலே இருப்பவர்கள் தின்னும் வரி என்கிறது 75. ரொம்ப முக்கியமானது 77. வில்லை வளைப்பது போல, உயர்ந்ததை அமுக்கித் தாழ்ந்ததை உயர்த்துவதும், மிஞ்சியிருப்பதிலிருந்து எடுத்துப் போதாததை நிரப்புவதும் வானத்தின் வழி என்கிறது. மனிதர்களின் வழி இதற்கு நேர்மாறு, போதாதவனிடமிருந்து பிடுங்கி மிஞ்சியவனுக்குக் கொடுக்கிறது என்கிறது. இங்கே போதாமை என்பதற்கு வரும் சொல்லிலும் அதே 'ட்சு'. ஆக நிறைவு என்பது மனநிலை மட்டும் இல்லை, அது ஒரு கணக்கு. ஒருவனுடைய 'போதும்' இன்னொருவனுடைய 'போதாது'வோடு கட்டப்பட்டிருக்கிறது. 46ஐயும் 77ஐயும் சேர்த்து வைக்காமல் நிறைவைப் பற்றிப் பேசுகிறவர் பிரதியில் பாதியை மறைத்துவிட்டுப் பேசுகிறார்.

குவோதியான் பட்டைகளில் இன்னொன்றைக் கவனித்தேன். போதுமென அறிதல் வருகிற 44, 46 இரண்டும் அங்கே இருக்கின்றன. மக்களின் 'ஜி'யைப் பலவீனப்படுத்தச் சொல்லும் 3 இல்லை. பக்கத்து ஊருக்குக்கூடப் போகாமல் கிடக்கும் சின்ன நாட்டைக் கனவு காணும் 80 இல்லை. தன்னை வெல்லும் 33உம் இல்லை. அந்தக் கல்லறையில் முன்னமே திருடர்கள் புகுந்திருக்கிறார்கள் என்பதால் இதைச் சாட்சியாக வைத்து வழக்காட முடியாது. ஆனால் அரண்மனையைப் பார்த்துச் சொன்ன 'போதும்' பழையது என்பது மட்டும் நிச்சயம்.

5

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். தொழிற்சாலை நிர்வாகத்தைக் குறை சொல்லிவிட்டு முடித்துக்கொண்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது.

நான் இளவயதில் சில வருஷம் ஓர் அமைப்பில் முழுநேரமாக வேலை செய்தேன். எங்களோடு ஒரு தோழர் இருந்தார். நல்ல குரல். எந்தப் பழைய சினிமாப் பாட்டைக் கேட்டாலும் இரண்டாவது சரணம்வரை பாடுவார். பஸ் கிடைக்காத ராத்திரிகளில் நடந்துகொண்டே பாடுவார். இது சீரழிவுக் கலாச்சாரம் என்று கமிட்டியில் விமர்சனம் வந்தது. அவர் சுயவிமர்சனம் எழுதினார். போதவில்லை என்றார்கள். இன்னொன்று எழுதினார். மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோது நானும் கூட இருந்து வாக்கியம் எடுத்துக் கொடுத்தேன். 'என்னுள் இருக்கும் குட்டி முதலாளித்துவ உணர்வை வென்றெடுப்பேன்' என்பது என் வாக்கியம். அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. விட்டுவிட்டார் என்று சந்தோஷப்பட்டோம். ரொம்ப நாள் கழித்து, இரண்டு பேருமே அமைப்பிலிருந்து விலகிய பிறகு, ஒரு டீக்கடையில் சொன்னார்: "பாட்டு தானா வந்து தொண்டைல நிக்குது தோழர். வெளிய வரமாட்டேங்குது. எப்பவும் ஏதோ அடைச்ச மாதிரியே இருக்கு." அவர் இப்போது இல்லை.

'சுவாங் ட்சே' நூலின் 28ஆம் அத்தியாயத்தில் ஒரு சின்ன உரையாடல் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அந்த டீக்கடை ஞாபகம் வந்தது. ஜோங்ஷான் நாட்டு இளவரசன் மோவ் ஆற்றோரம் கடலோரம் என்று துறவியாகத் திரிகிறான், மனசோ வெய் நாட்டு அரண்மனை வாசலிலேயே நிற்கிறது. என்ன செய்வது என்று ஜான் ட்சே என்பவரிடம் கேட்கிறான். உயிரைப் பெரிதாக மதி, லாபம் தானாக இலேசாகிவிடும் என்கிறார் அவர். அது தெரிகிறது, ஆனாலும் என்னை நான் வெல்ல முடியவில்லை என்கிறான் மோவ். அவன் வாயில் வருவதும் 33இல் உள்ள அதே சொற்கள்தான். நாட்காட்டி லாவோ ட்சேயாக இருந்தால் இன்னும் முயற்சி செய் என்று சொல்லியிருப்பார். ஜான் ட்சே சொல்வது வேறு: வெல்ல முடியவில்லையா, அதன் போக்கில் விடு. வெல்லவும் முடியாமல், விடவும் மாட்டேன் என்று வலுக்கட்டாயம் செய்கிறவனுக்கு ஒரு காயம் இல்லை, இரண்டு காயம். இரண்டு காயம் பட்டவர்கள் நீண்ட நாள் வாழ்வதில்லை.

முதல் காயம் ஆசை. இரண்டாவது, ஆசையோடு நடத்தும் தோற்கிற போர். அந்தத் தோழருக்கு நாங்கள் கொடுத்தது இரண்டாவது காயம்.

ஹான் ஃபெய்யின் நூலில் இதற்கு எதிரான கதை ஒன்று இருக்கிறது. கன்பூசியஸின் சீடர் ஸிஷியா கொழுத்துப் போயிருக்கிறார். ஏன் என்று கேட்டால், உள்ளே போர் நடந்தது, ஜெயித்துவிட்டேன், அதனால் சதை போட்டிருக்கிறது என்கிறார். உள்ளே பழைய அரசர்களின் நெறியும் செல்வத்தின் மீதான ஆசையும் மோதினவாம். யார் ஜெயிப்பார் என்று தெரியாதவரை மெலிந்திருந்தாராம். உரைகாரர் இதை 33க்கு விளக்கமாக வைக்கிறார். அமைப்புகளுக்குப் பிடித்த கதை ஸிஷியாவின் கதைதான். ஜெயித்தவரின் வாக்குமூலம் மட்டுமே பதிவாகும். தொண்டையில் அடைத்துக்கொண்டவர் டீக்கடையில்தான் பேசுவார்.

சுவாங் ட்சேயை எல்லாம் போகிறபடி போகட்டும் என்ற சோம்பேறியாகப் பார்ப்பது தவறு. அதே நூலின் 9ஆம் அத்தியாயத்தில் போ லே என்ற பெயர்பெற்ற குதிரைப் பழக்குநர் வருகிறார். சூடு போட்டு, மயிர் கத்தரித்து, குளம்பு செதுக்கி, பட்டினி போட்டு, வரிசையாக ஓட வைத்துப் பழக்குகிறார். பழகி முடிவதற்குள் பாதிக்கு மேற்பட்ட குதிரைகள் செத்துப்போகின்றன. உலகம் அவரைத் திறமைசாலி என்கிறது. செத்த குதிரைகளை எண்ணிப் பார்த்த நூல் இது. நாம் எண்ணினோமா?

மோவ் கதையின் கடைசியில் ஒரு குறிப்பு உண்டு. அவன் பெரிய நாட்டு இளவரசன், குகையில் ஒளிந்து வாழ்வது சாதாரண ஆளைவிட அவனுக்குக் கஷ்டம் என்கிறது பிரதி. துறப்பதற்கு ஏதாவது வைத்திருப்பவனுக்குத்தான் துறவு. எங்கள் தோழரிடம் இருந்தது பாட்டு ஒன்றுதான்.

6

பிறகு என்ன ஆயிற்று? நிறைவு என்ற கருத்தை வரலாற்றில் மூன்று கைகள் மூன்று விதமாக எடுத்தன.

முதல் கை குவோ ஷியாங்குடையது. கி.பி. 312இல் இறந்தவர், ஒரு இளவரசரின் கீழ் செல்வாக்கான பதவி வகித்தவர். இன்று நம் கையில் இருக்கும் 33 அத்தியாய 'சுவாங் ட்சே' அவர் தொகுத்தது, உரையும் எழுதினார். பிரம்மாண்டமான பறவை வெகு தூரம் பறக்கிறது, குருவி செடிக்குச் செடி தாவுகிறது. அவரவர் இயல்பில் நின்றால் இரண்டின் சுதந்திரமும் சமம் என்றார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே உரையில் இன்னொரு இடத்தில், வேலைக்காரனுக்குரிய திறன் உள்ளவன் வேலைக்காரன் கடமையில் அமைதியாக இல்லாவிட்டால் அது பிழை என்கிறார். பறவைக் கதை எங்கே போய் இறங்குகிறது பாருங்கள். பிறப்பும் பதவியும் இயல்பாகிவிட்டன. இயல்பாகிவிட்டதை யாரும் கேள்வி கேட்க முடியாது. இப்படிப்பட்ட 'இயல்பு' நமக்கு ரொம்பப் பரிச்சயமானது, விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கை பாவ் ஜிங்யான். ஏறக்குறைய அதே காலம். அவர் எழுதியது தனியாகக் கிடைக்கவில்லை. அவரை மறுத்துக் கெ ஹோங் (283-343) எழுதிய அத்தியாயத்துக்குள் மேற்கோளாகத்தான் மிஞ்சியிருக்கிறார். நம் மண்ணில் சார்வாகர்களுக்கு நடந்த மாதிரி, எதிரியின் பிரதிக்குள் உயிர்வாழ்ந்தவர். அரசன் வானம் தந்தவன் என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. வலியவன் எளியவனை மிதித்தான், சூதுள்ளவன் அப்பாவியை ஏமாற்றினான், அப்படி வந்ததுதான் அரசும் குடியும். பட்டை உரிக்கப்படுவது இலவங்க மரத்தின் விருப்பம் இல்லை, இறகு பிடுங்கப்படுவது பறவையின் விருப்பம் இல்லை என்றார். குவோ ஷியாங் படித்த அதே லாவோ ட்சே, அதே சுவாங் ட்சேதான் இவருக்கும். எல்லாவற்றுக்கும் தன்னியல்பு உண்டென்றால், பிறருக்கு உழைப்பது யாருடைய தன்னியல்பு என்று கேட்டுவிட்டார்.

மூன்றாவது கை எழுதவில்லை, சமைத்தது. கி.பி. 184இல் ஹான் பேரரசை உலுக்கிய மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சி நமக்குத் தெரியும். அதே காலகட்டத்தில் ஹான்ஜோங் பகுதியில் ஐந்துபடி அரிசி இயக்கம் வேரூன்றியது. லாவோ ட்சேயின் நூலை மக்கள் ஓதிய இயக்கம். ஜாங் லு அதன் தலைவராக முப்பது வருஷம் போல அந்தப் பகுதியை ஆண்டார். வழிநெடுக அறச் சத்திரங்கள் கட்டி அரிசியும் இறைச்சியும் வைத்தார்கள். வழிப்போக்கர் வந்து தம் வயிற்றை அளந்து, போதுமான அளவு எடுத்துக்கொள்ளலாம். யாரும் காசு கேட்கமாட்டார்கள். அளவுக்கு மேல் எடுத்தால் ஆவிகள் நோய் கொடுக்கும் என்று நம்பினார்கள். குற்றம் செய்தவனை மூன்று முறை மன்னித்துவிட்டுத்தான் தண்டித்தார்கள். இதைப் பதிவு செய்த வரலாற்று நூலில் 'போதுமான அளவு' என்ற இடத்தில் நிற்கும் சொல்லும் 'ட்சு'தான்.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றேன். போதும் என்ற சொல் அரண்மனையைப் பார்த்தும் இல்லை, அடிமையைப் பார்த்தும் இல்லை. முதலில் சோறு வைக்கிறார்கள், அதற்குப் பிறகு போதும் என்பதை உண்கிறவனே முடிவு செய்கிறான். ஆவி பயம் இருக்கத்தான் செய்தது, மதகுருவின் ஆட்சிதான், எல்லாம் சரி. கடைசியில் 215இல் ஜாங் லு படைத்தலைவர் ட்சாவ் ட்சாவிடம் சரணடைந்து பிரபுப் பட்டம் வாங்கிக்கொண்டார் என்பதும் உண்மை. நான் அவரை நாயகனாக்கவில்லை. ஆனால் 33க்கு எழுதப்பட்ட உரைகளில் எனக்குப் பிடித்த உரை அந்தச் சத்திரம்.

7

2021 ஏப்ரலில் சீனாவில் ஒரு சாதாரண ஆள் இணையத்தில் சின்னக் குறிப்பு ஒன்று எழுதினார். இரண்டு வருஷமாக நிலையான வேலை இல்லை, மாதம் இருநூறு யுவானுக்குள் செலவு, இரண்டு வேளைச் சாப்பாடு, படுத்துக்கிடப்பதுதான் நியாயம் என்றார். அது தீயாகப் பரவியது. அதற்கு இரண்டு வருஷம் முன், 2019இல், காலை ஒன்பது முதல் இரவு ஒன்பதுவரை வாரம் ஆறு நாள் வேலை என்ற முறையைப் பாக்கியம் என்று ஒரு பெருமுதலாளி புகழ்ந்திருந்தார். அவர் ஜாக் மா. படுத்துக்கிடக்கும் பேச்சு அதற்கு வந்த பதில் என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வேலைமுறை சட்டவிரோதம் என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. ஆனால் படுத்துக்கிடப்பதை வெட்கக்கேடு என்று அரசுப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பேச்சு நடந்த இணையக் குழுக்கள் மூடப்பட்டன. 2021 அக்டோபரில் கட்சியின் தத்துவ ஏட்டில் வெளியான ஷி ஜின்பிங்கின் உரையிலும் படுத்துக்கிடப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த மனிதர் துணைக்கு அழைத்தது பீப்பாயில் கிடந்த கிரேக்கர் டயோஜனீஸை. லாவோ ட்சேயை இல்லை. ஏன் என்று யோசித்தேன். பாடப்புத்தகத்திலும் பயிற்சி வகுப்பிலும் மேலேயிருந்து கேட்டுக் கேட்டு அந்தக் குரல் அவருக்கு எஜமானின் குரலாகவே ஒலித்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் மேலேயிருந்து சொன்னால் பண்பாடு, கீழேயிருந்து சொன்னால் குற்றம் என்று 'போதும்' என்ற ஒரே சொல் எப்படிப் பிளக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சமகாலச் சாட்சி கிடைக்காது. கூலி போதும் என்றால் நல்ல தொழிலாளி. வேலை போதும் என்றால் தேசவிரோதி.

படுத்துக்கிடப்பது அரசியலாகுமா? தனியாகப் படுத்தால் இரண்டு வேளைச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். சத்திரம் இல்லாத 'போதும்' தனிமனித வைராக்கியம்தான். அதை நான் பழிக்கவில்லை, போதாது என்கிறேன்.

33ஆம் அத்தியாயத்தின் கடைசி வாக்கியம் செத்த பிறகும் நீடிப்பவனைப் பற்றியது. நமக்குப் பழகிய பாடத்தில் செத்தும் அழியாதவன் என்று இருக்கிறது. இதை வைத்துச் சாகாவரம் தேடிப் போனவர்கள் உண்டு. மாவாங்துய் பட்டுப் பிரதிகளில் அந்த எழுத்து வேறு. அங்கே செத்தும் மறக்கப்படாதவன் என்று பொருள் வருகிறது. அழியாமல் இருப்பது அவனவன் பாடு. மறக்காமல் இருப்பது மற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. தன்னை வெல்வதில் தொடங்கிய அத்தியாயம், பழைய பாடத்தில், பிறரின் ஞாபகத்தில் வந்து முடிகிறது.

அந்தத் தோழருக்கு நான் எடுத்துக் கொடுத்த வாக்கியத்தை இத்தனை வருஷம் கழித்து இங்கே அச்சில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இயக்கத்துக்கு ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறாவது வாக்கியத்தின் விடாமுயற்சி இல்லாமல் எந்தச் சத்திரத்திலும் உலை கொதிக்காது. ஆனால் ஒருவரிடம் உன்னை நீ வென்றுவிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், சாப்பிட்டீங்களா தோழர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இனிக் கூட்டம் நடத்துகிறவர்களாவது கேட்டுப் பார்க்கட்டும்.